ஐபி பயிலரங்கும் கேம்பிரிட்ஜ் பயிற்சியும்: ஆசிரியருக்கு எது எதைத் தருகிறது?

மாநிலப் பாடத்திட்டத்தில் பல்லாண்டுகள் கற்பித்துவிட்டுப் பன்னாட்டுப் பள்ளியில் சேரும் ஆசிரியர், பாடநூலை முடித்தால் பாடம் முடிந்தது என்ற பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டியிருக்கிறது. அதற்கு, 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐபி (International Baccalaureate) என்ற பன்னாட்டுக் கல்வி அமைப்பும், 1858 முதல் பள்ளித் தேர்வு நடத்திவரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அமைப்பும் வெவ்வேறு வழிகளில் அவரைப் பழக்குகின்றன.

ஐபி அங்கீகாரம் கோரும் பள்ளி தன் ஆசிரியர்களை உரிய பயிலரங்குகளுக்கு அனுப்பியே ஆக வேண்டும். அங்கே பேச்சு தேர்விலிருந்து தொடங்குவதில்லை. தொடக்க வகுப்புக்கான அலகு ஒன்றைத் திட்டமிடும் ஆசிரியர் 'நீரின் பயன்கள்' என்று தலைப்பிட்டால் அது போதாது. 'நீர் கிடைக்கும் விதம் மக்கள் வாழும் விதத்தை மாற்றுகிறது' என்பதுபோல், குழந்தைகள் ஆராய்ந்து பார்க்கக்கூடிய மையக்கருத்தாக அதை எழுத வேண்டும். எழுதி, அடித்து, மறுபடி எழுதும்போதுதான், தகவலைச் சொல்லிக்கொடுப்பதற்கும் கருத்தை நோக்கி அழைத்துச் செல்வதற்கும் உள்ள தூரம் புலப்படுகிறது.

கேம்பிரிட்ஜ் பயிற்சி பெரும்பாலும் பாடவாரியானது; பாடத்திட்டத்தையும் விடைத்தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு நடப்பது. வெப்பநிலை உயரும்போது வேதிவினையின் வேகம் கூடுகிறது என்று எழுதினால் அது 'விவரி' என்ற வினாவுக்கு விடையாகலாம். 'விளக்கு' என்று கேட்டிருந்தால், துகள்கள் கூடுதல் ஆற்றலுடன் அடிக்கடி மோதுகின்றன என்ற காரணமும் வர வேண்டும். ஒரே விடைத்தாளை நான்கு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி, மதிப்பெண் ஏன் வேறுபட்டது என்று பேசும் அந்த ஒரு மணி நேரம் மிகப் பயனுள்ளது. மறுநாள் வகுப்பிலேயே அது கைகொடுக்கும்.

ஆயினும், கற்பிக்கும் முறையையே மாற்ற விரும்பும் பள்ளிக்கு நான் ஐபி வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஐஜிசிஎஸ்இ எனப்படும், பத்தாம் வகுப்பு நிலையிலான கேம்பிரிட்ஜ் தேர்வுக்குரிய வகுப்புக்கு அவசரமாக ஆசிரியரை ஆயத்தப்படுத்த வேண்டுமெனில் கேம்பிரிட்ஜ் வழியே பொருத்தம். ஐபியின் குறை, அது ஆசிரியரின் நேரத்தை மிகுதியாகக் கேட்பது. ஒரே வகுப்புக்குக் கற்பிப்பவர்கள் சேர்ந்து அமர்ந்து திட்டமிட்டால்தான் பயிலரங்கில் கற்றது நிலைக்கும் என்பதால், சேரும் முன், அதற்கென வாரத்தில் எத்தனை பாடவேளைகள் கால அட்டவணையில் ஒதுக்கப்பட்டுள்ளன என்று ஆசிரியர் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.