செல்லுக்கு வெளியே ஆர்.என்.ஏ: சுமப்பது நுண்பையா, புரதமா, கொழுப்புத் துகளா?

ரத்த பிளாஸ்மாவில் நியூக்ளிக் அமிலம் (டி.என்.ஏ, ஆர்.என்.ஏ இரண்டுக்குமான பொதுப்பெயர்) இருக்கிறது என்று மண்டேல், மெட்டாய் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1948-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் பிளாஸ்மாவில் ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் ரைபோநியூக்ளியேஸ் நொதிகளுக்குப் பஞ்சமே இல்லை. வெறும் ஆர்.என்.ஏ-வைக் கொண்டுபோய்ப் போட்டால் சீக்கிரமே துண்டு துண்டாகிவிடும். அப்படியிருந்தும் மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ-க்களான மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் அங்கே நிலையாக இருக்கின்றன என்றால், ஏதோ ஒன்று அவற்றைக் காப்பாற்றுகிறது. அது எது என்பதில்தான் போட்டி. செல்கள் வெளியிடும், கொழுப்புச் சவ்வு சூழ்ந்த எக்ஸோசோம் போன்ற நுண்பைகள், மைக்ரோ ஆர்.என்.ஏ-வைப் பிடித்துக்கொள்ளும் அர்கோனாட்-2 என்ற புரதம், ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று பெயர்பெற்ற எச்.டி.எல் என்ற கொழுப்புத் துகள் ஆகிய மூன்றும்தான் முக்கியப் போட்டியாளர்கள்.

புகழ் முழுக்க நுண்பைக்குத்தான் போயிற்று. அதற்குக் காரணமும் உண்டு. 2007-இல் சுவீடனின் கோதன்பர்க்கில் யான் லோட்வால் குழு, எலியின் மாஸ்ட் செல்கள் (ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்) வெளியிட்ட எக்ஸோசோம்களை எடுத்து மனித மாஸ்ட் செல்களோடு சேர்த்தது. பிறகு பார்த்தால் மனிதச் செல்லுக்குள் எலிப் புரதங்கள் உருவாகியிருந்தன. எக்ஸோசோமில் போன தூது ஆர்.என்.ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பு) சும்மா கிடக்கவில்லை, வேலை செய்தது என்று அர்த்தம். இதைப் படித்த யாருக்குத்தான் மயக்கம் வராது? அடுத்த சில ஆண்டுகளில் எக்ஸோசோம் தொடர்பான கட்டுரைகள் குவிந்தன.

அப்புறம் 2011-இல் அரோயோவும் சகாக்களும் கணக்கைப் புரட்டிப் போட்டார்கள். அவர்கள் செய்தது எளிமையான சோதனை. பிளாஸ்மாவில் புரதத்தைச் செரிக்கும் நொதியைச் சேர்த்தார்கள். நுண்பைக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ என்றால் கொழுப்புச் சவ்வு காப்பாற்றும், ஒன்றும் ஆகாது. புரதத்தோடு ஒட்டியிருப்பது என்றால் கவசம் போய்விடும், பிளாஸ்மாவின் சொந்த நொதிகளே அதை முடித்துவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ-16, 92ஏ ஆகியவை காணாமல் போயின, லெட்-7ஏ என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ தாக்குப்பிடித்தது. பிளாஸ்மாவில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களில் 90% வரை நுண்பைக்கு வெளியே, பெரும்பாலும் அர்கோனாட்-2 புரதத்தின் பிடியில் இருக்கலாம் என்று முடிவு வந்தது.

நுண்பைக்கு அடுத்த அடி 2014-இல் விழுந்தது. ஓர் ஆய்வில் எக்ஸோசோம்களையும் உள்ளே இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ பிரதிகளையும் எண்ணிப் பார்த்தார்கள். மிகுதியாக இருக்கும் வகையில்கூட ஒரே ஒரு பிரதி கிடைக்க, சராசரியாக நூற்றுக்கும் மேற்பட்ட எக்ஸோசோம்களைத் திறந்து பார்க்க வேண்டும். பெறும் செல்லில் ஒரு மரபணுவை அடக்க அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் நூறு பிரதிகள் போதும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதற்கே பத்தாயிரம் நுண்பைகள் உள்ளே போக வேண்டும். போனவற்றிலும் பெரும்பங்கு எண்டோசோம் என்ற உள்வாங்கும் பையில் மாட்டி, லைசோசோம் என்ற செரிக்கும் பையில் செரிமானமாகிறது. சரக்கை அந்தப் பைகளிலிருந்து சைட்டோபிளாசத்துக்குள் (செல்லின் உட்பரப்புக்குள்) இறக்குவதுதான் உண்மையான முட்டுக்கட்டை.

சரி, அப்படியானால் அர்கோனாட்-2 வென்றதா? அளவில் வென்றது. ஆனால் அது செய்தி அனுப்புகிறது என்பதற்குச் சான்று குறைவு. செல் இறக்கும்போதும் உடையும்போதும் கொட்டுகிற மிச்சமாகவே அதில் பெரும்பங்கு இருக்கலாம். இலக்கு செல்லுக்குள் நுழைய அதற்கென ஒரு பொதுவான வழியும் தெரியவில்லை.

எச்.டி.எல் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. 2011-இல் விக்கர்ஸ் குழு அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ இருப்பதையும், அது செல்களுக்குப் போய்ச் சேர்வதையும் காட்டியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையில் பேசவில்லை. எச்.டி.எல்-ஐப் பற்றி எனக்கு உள்ள கவலையே வேறு. அதன் அடர்த்தியும் எக்ஸோசோமின் அடர்த்தியும் ஒன்றன்மேல் ஒன்று வருகின்றன. அடர்த்தியை மட்டும் வைத்துப் பிரித்தால் இரண்டும் கலந்தே வரும். அளவை வைத்துப் பிரித்தால் எச்.டி.எல் விலகிவிடும், ஆனால் பெரிய கொழுப்புத் துகள்கள் சில நுண்பையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

என் கணிப்பில், இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பியதுதான் இத்தனை சச்சரவுக்கும் காரணம். நோயைக் கண்டறிய வேண்டும் என்றால், ஆர்.என்.ஏ எங்கே அதிகம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ-122 பெரும்பாலும் புரதத்தோடுதான் கிடக்கிறது. நுண்பையைப் பிரித்தெடுக்கிறேன் பேர்வழி என்று அதைக் கொட்டிவிடுவது வீண்வேலை. செல்கள் பேசிக்கொள்கின்றனவா என்பது கேள்வி என்றால், இன்றும் நுண்பையே முன்னணியில் நிற்கிறது. 2017-இல் கான் குழு, கொழுப்புத் திசுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ உருவாகாத எலிகளைப் பயன்படுத்திக் காட்டிய ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பிய எக்ஸோசோம் மைக்ரோ ஆர்.என்.ஏ, கல்லீரலில் எஃப்.ஜி.எஃப்-21 என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கட்டுப்படுத்தியது. ஆனாலும் மேலே போட்ட பிரதிக் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது.

செல்லிலிருந்து செல்லுக்கு ஆர்.என்.ஏ பயணம் செய்வதற்கு ஆகத் தெளிவான சான்று வேண்டுமானால் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவைப் பார்க்கலாம். அங்கே சிட்-1 என்ற சவ்வுப் புரதம் இரட்டை இழை ஆர்.என்.ஏ-வை நேராக உள்ளே விடுகிறது. தாவரங்களில் மறுபடி அதே சண்டை. அராபிடாப்சிஸ் செடி பூஞ்சைக்கு அனுப்பும் சிறு ஆர்.என்.ஏ நுண்பையில் போகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. செல்லுக்கு வெளியே உள்ளதில் பெரும்பங்கு புரதத்தோடுதான் இருக்கிறது என்று பின்னால் இன்னொன்று சொன்னது.

நுண்பைதான் சுமந்தது என்று சொல்லும் கட்டுரை கையில் வந்தால், நான் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போகிறேன். புரதம் செரிக்கும் நொதி, அதன் பிறகு ரைபோநியூக்ளியேஸ். இன்னொரு குழாயில் சவ்வைக் கரைக்கும் டிடர்ஜென்ட்டும் சேர்த்து அதே இரண்டும். முதல் குழாயில் ஆர்.என்.ஏ பிழைத்து, இரண்டாவதில் அழிந்திருக்க வேண்டும். அந்தச் சோதனை இல்லையென்றால், நுண்பையோடு சேர்ந்து குழாயின் அடியில் படிந்த ஆர்.என்.ஏ என்று மட்டும் எடுத்துக்கொண்டு மேலே படிக்கிறேன்.