முதலில் ஆஸ்பத்திரியா, ஸ்டேஷனா?

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் உடனே எங்கே போக வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் 'ஸ்டேஷனுக்கு' என்றுதான் சொல்வார்கள். இந்தியச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. 18 வயது நிறைந்தவருக்கு வேறு வழிகளும் உண்டு. (அதற்குக் கீழே என்றால் சிறார்களுக்கான போக்சோ சட்டம், தகவல் தெரிந்தவர்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும்.)

ஸ்டேஷன் வழி காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். "எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டாக வேண்டும். பதிய மறுக்கும் காவலருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் கையில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீதா (புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்), எஃப்ஐஆர் நகலா என்று பாருங்கள். ரசீதோடு வீட்டுக்கு வந்துவிட்டால் வழக்கு இன்னும் தொடங்கவில்லை.

நான் ஆஸ்பத்திரி பக்கம்தான். காரணம் நேரம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாள் வரை தரலாம் என்றாலும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். (தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப்களில் அது கிடைப்பதே அபூர்வம் என்பது தனிக் கொடுமை.) உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகளுக்குச் சுமார் 96 மணி நேரம்தான் கணக்கு. குளித்திருந்தாலும் போகலாம். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் வேண்டாம்.

அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. "போலீஸ் லெட்டர் எங்கே?" என்று கேட்பது செல்லாது. அரசு மருத்துவர்கள் சிலர் அப்படித் திருப்பி அனுப்பியதை உச்ச நீதிமன்றம் 2000-லேயே கண்டித்துவிட்டது. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இருவிரல் சோதனை' செய்ய வந்தால் மறுத்துவிடலாம். அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று 2022-ல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, சிகிச்சை மட்டும் போதும், வழக்கு வேண்டாம் என்றால்? இங்கேதான் சிக்கல். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அதனால் யாருக்கும் தெரியாமல் என்பது நடக்காது. அமெரிக்காவில் போலீசிடம் பேசாமலே தடயப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். இங்கே அந்த ஏற்பாடு இல்லாததாலேயே பலர் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி சிகிச்சை, பரிசோதனை, தடயம் எடுத்தல் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். எஃப்ஐஆர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. என் யோசனை: வழக்கு வேண்டாம் என்று தோன்றினாலும் தடயத்தை எடுக்கச் சொல்லுங்கள். வன்புணர்வுப் புகாருக்குக் காலக்கெடு கிடையாது. மனம் மாறி ஆறு மாதம் கழித்துப் போனாலும் பதிவார்கள், ஆனால் அப்போது மாதிரி கிடைக்காது.

பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்தாலோ மாவட்டத்து ஒன் ஸ்டாப் சென்டருக்கு (பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையம்) போனாலோ துணைக்கு ஆள், சட்ட உதவி, சில நாள் தங்க இடம் கிடைக்கும். தனியாகப் போகத் தயங்குபவர்களுக்கு நல்லது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு அது மாற்று ஆகாது.

ஆண்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. 2024 ஜூலையில் புதிய குற்றச் சட்டம் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்து பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு போனபிறகு, வயது வந்த ஆண்மீதான வன்புணர்வுக்குத் தனிப் பிரிவு இல்லை. ஸ்டேஷனில் காயம், மிரட்டல் என்றுதான் ஏதாவது பிரிவில் எழுதுவார்கள். அவர்களுக்கும் 72 மணி நேரக் கணக்கு அதேதான்.

அப்புறம், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்முன் பரிசோதனை அறிக்கையின் நகலையும் ஏ.ஆர். காப்பியையும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) கேட்டு வாங்குங்கள். அறிக்கை நகலுக்குப் பணம் கேட்கக் கூடாது.