பெடலில் ப்ளஸ் மைனஸ் மாறினால்: குறுக்கே ஒரு டயோடா, ஷாட்கியா, மாஸ்ஃபெட்டா?

நண்பர் ஒருவர் தன் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைக் கொண்டுவந்து, "திடீர்னு செத்துப்போச்சு" என்றார். மூடியைக் கழற்றியதும் கருகல் வாசனை. பவர் ஜாக்கை ஒட்டியிருந்த 1என்4001 டயோடுக்கு (கரன்டை ஒரே திசையில் விடும் பாகம்) அடியில் போர்டு பழுப்பேறியிருந்தது. மல்டிமீட்டர் முனைகளை எப்படி மாற்றி வைத்தாலும் பீப் சத்தம். டயோடு முழு ஷார்ட். நிப்பரால் அதன் ஒரு காலை வெட்டிவிட்டு 9 வோல்ட் பேட்டரியை மாட்டினேன். பெடல் பழையபடி பாடியது. விசாரித்தால், வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டரை மாட்டியிருக்கிறார்.

அவர் மேல் தப்பில்லை. இரண்டுக்கும் ஒரே அளவு பின்தான். ஆனால் பெடல் உலகில் நடுமுனை மைனஸ் என்பது வழக்கம்; ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை ப்ளஸ். அப்படி மாறிப்போனால் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் சூடாகி உப்பும். ஒலியைப் பெருக்கும் ஆப்ஆம்ப் ஐசிக்குள் சும்மா கிடக்க வேண்டிய சந்திகள் திறந்துகொண்டு, கரன்ட் தடையில்லாமல் பாயும். இதைத் தடுக்கப் பெடல் கட்டுகிறவர்கள் கையாளும் வழிகள் முக்கியமாக மூன்று.

முதல் வழி நண்பரின் பெடலில் இருந்தது: ப்ளஸுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ் பக்கம்) குறுக்கே ஒரு டயோடு. சரியாக மாட்டினால் அது இருப்பதே தெரியாது, ஒரு மில்லிவோல்ட்கூட வீணாகாது. மாற்றி மாட்டினால் டயோடு கடத்தத் தொடங்கும். சர்க்யூட்டுக்குப் போகும் தலைகீழ் வோல்டேஜ் ஏறக்குறைய 1 வோல்ட்டோடு நின்றுவிடும். பேட்டரி காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. கிளிப்பை மாற்றி வைத்து ஒரு நொடி உரசினாலும், சின்னப் பேட்டரியால் ஒரு அளவுக்கு மேல் கரன்ட் கொடுக்க முடியாது. 2 ஆம்பியர் அடாப்டர் அப்படி இல்லை. 1என்4001 தாங்குவதோ தொடர்ந்து 1 ஆம்பியர். அடாப்டர் தானாக அணைந்தால் பிழைப்போம். இல்லாவிட்டால் டயோடு வெந்து ஷார்ட் ஆகும். அதன் பிறகும் கரன்ட் ஓடிக்கொண்டிருந்தால் போர்டின் செம்புத் தடமே எரியும். டயோடு வெடித்துத் திறந்துகொண்டால் அடுத்த பலி ஐசிதான். நம் பெடலின் உயிரை அடுத்தவன் அடாப்டரின் நல்ல குணத்தை நம்பி விடுவது எனக்கு ஒப்பவில்லை.

சிலர் டயோடுக்கு முன்னால் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்ப்பார்கள். பின்னால் வரும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரோடு சேர்ந்து அது அடாப்டரின் இரைச்சலையும் வடிகட்டும். ஆனால் 9 வோல்ட்டை மாற்றி மாட்டினால் அந்த ரெசிஸ்டரில் கிட்டத்தட்ட ஒன்றரை வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் கருகி, ஃபியூஸ் வேலை பார்க்கும்.

இரண்டாவது வழி, டயோடைத் தொடரில், அதாவது கரன்ட் வரும் பாதையிலேயே, போடுவது. மாற்றி மாட்டினால் கதவு சாத்திவிடும். எதுவும் எரியாது, அடாப்டரும் தப்பும். விலை, வோல்டேஜ் இழப்பு. சாதாரண டயோடு 0.6, 0.7 வோல்ட் சாப்பிடும். இழப்பு குறைந்த வகையான ஷாட்கி டயோடு, சில மில்லிஆம்பியர் மட்டும் இழுக்கும் ஓவர்டிரைவ், ஃபஸ் பெடல்களில், ஏறக்குறைய 0.2 வோல்ட்தான் எடுக்கும். 9-க்குப் பதில் 8.8 கிடைத்தால் காது கண்டுபிடிக்காது. பேட்டரி தேய்ந்தாலே அதைவிட அதிகம் இறங்கும். ஷாட்கிகளில் 1என்5817 தாங்கும் தலைகீழ் வோல்டேஜ் 20 மட்டுமே. நான் 40 தாங்கும் 1என்5819-ஐப் போடுகிறேன், 18 வோல்ட் அடாப்டரையும் யாராவது மாற்றி மாட்டக்கூடும் என்பதால்.

மூன்றாவது, பி-சேனல் மாஸ்ஃபெட், அதாவது டயோடுக்குப் பதில் சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர். இழப்பே இல்லாத காவல் என்று இதைப் புகழ்வார்கள். அது எந்த மாஸ்ஃபெட் என்பதைப் பொறுத்தது. பெடல் கட்டுகிறவர்கள் அடிக்கடி எடுக்கும் பிஎஸ்250-இன் உள் தடை 14 ஓம் வரை போகலாம். 10 மில்லிஆம்பியருக்கு 0.14 வோல்ட் போய்விடும், ஷாட்கிக்குக் கொஞ்சம்தான் குறைவு. 100 மில்லிஆம்பியர் இழுக்கும் டிஜிட்டல் டிலேயில் அதைப் போட்டால் 1.4 வோல்ட் போகும், சாதாரண டயோடைவிட மோசம். எஃப்க்யூபி27பி06 மாதிரி 0.07 ஓம் பாகம் எடுத்தால்தான் புகழ் நிஜமாகும். கேட் (மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால்) தாங்கும் வோல்டேஜையும் பாருங்கள்: பொட்டு அளவு ஏஓ3401-க்கு 12 வோல்ட்தான், 18 வோல்ட்டில் கேட் ஓட்டையாகும்.

இன்னொரு பொறி, மாட்டும் திசை. டிரெயின் கால் அடாப்டர் பக்கம், சோர்ஸ் கால் சர்க்யூட் பக்கம், கேட் கிரவுண்டில். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும் என்பதால் பலர் "திருத்தி" சால்டர் செய்துவிடுகிறார்கள். அப்போதும் பெடல் ஒழுங்காக ஓடும், சந்தேகமே வராது. ஆனால் காவல் பூஜ்யம், ஏனென்றால் மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடே தலைகீழ் கரன்டுக்கு வழிவிடும்.

நாலு டயோடு சேர்ந்த பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டால் எப்படி மாட்டினாலும் ஓடுமே என்று கேட்பார்கள். வேண்டாம். 1.4 வோல்ட் போவதோடு, பெடலின் கிரவுண்டும் அடாப்டரின் கிரவுண்டும் வேறாகிவிடும். ஒரே அடாப்டரில் பல பெடல்களை ஓட்டும்போது கிட்டார் கேபிளின் ஷீல்டு வழியாக அவை மறுபடி இணைந்து குழப்பும்.

எனவே என் தேர்வு, கையால் கட்டும் பெடல்களில் தொடரில் ஷாட்கி. அதிகம் இழுக்கும் டிஜிட்டல் பெடலுக்கு நல்ல மாஸ்ஃபெட். இரண்டுமே அதிக வோல்டேஜைத் தடுக்காது. ஐசிஎல்7660 சார்ஜ் பம்ப் (வோல்டேஜை இரட்டிக்கவோ தலைகீழாக்கவோ உதவும் ஐசி) வைத்த பெடலில், ப்ளஸ் மைனஸ் சரியாகவே 12 வோல்ட் போனாலும், அதன் உச்ச வரம்பான 10.5 தாண்டி ஐசி போய்விடும். அதற்குத் தனியாக, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஸீனர் டயோடோ ரெகுலேட்டரோ வேண்டும்.

கட்டி முடித்ததும் இதைச் செய்யுங்கள். ஐசிகளைச் சாக்கெட்டில் செருகும் முன், பேட்டரியை 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக வேண்டுமென்றே மாற்றி மாட்டி, காவலுக்குப் பின்னால் மல்டிமீட்டரை வையுங்கள். தொடரில் ஷாட்கியோ மாஸ்ஃபெட்டோ இருந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். மைனஸில் பெரிய எண் எதாவது தெரிந்தால் சால்டரிங் அயர்னைச் சூடேற்றுங்கள்.