பழைய வீட்டுப் படுக்கையறைச் சுவர்: சுண்ணாம்பா, எமல்ஷனா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான். கையில் காசு குறைவு, படுக்கையறையை மட்டும் சரி செய்ய வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதா, எமல்ஷன் பெயிண்ட் அடிப்பதா?

செலவு: சுண்ணாம்பு மலிவு, நாமே நீர்த்து வடிகட்டி அடிக்கலாம் (நீர்க்கும்போது கொதிக்கும், கண் பத்திரம்). எமல்ஷனுக்குப் பட்டி, பிரைமர், இரண்டு கோட்டிங், ஆள்கூலி என்று ஏறிக்கொண்டே போகும்.

ஈரம்: இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, சுவர் முழுதாகக் காய நேரமே கிடைப்பதில்லை. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அது வெளியே போயாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், எமல்ஷன் படலமாக மூடிவிடும். எங்கள் வீட்டில் கட்டில் தலைமாட்டுச் சுவரில் எமல்ஷன் அடித்தோம், அடுத்த ஆடிக்குள் முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தொட்டால் வெள்ளை உப்பு மாவு மாதிரி உதிர்ந்தது. மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

பராமரிப்பு: எமல்ஷனை ஈரத்துணியால் துடைக்கலாம். சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும், ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடி அடிக்க வேண்டும். கொஞ்சம் பசை கலந்தால் ஒட்டுவது குறையும்.

நிறம்: எமல்ஷனில் எதுவும் கிடைக்கும். சுண்ணாம்பில் வெளிர் நிறங்கள்தான்.

பழைய சாந்துச் சுவர் என்றால் யோசிக்காமல் சுண்ணாம்பு. பின்னால் சிமெண்டில் சேர்த்துக் கட்டிய அறை, சுவரும் காய்ந்திருக்கிறது, பிள்ளைகள் கிறுக்குவார்கள் என்றால் எமல்ஷன். அப்புறம், ஏற்கெனவே பெயிண்ட் இருக்கும் சுவரில் அதை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் சுண்ணாம்பு பிடிக்கும்.