ரோட்டராக்ட் எப்படி இருக்கிறது?

இளைஞர்கள் சேவைச் சங்கங்களுக்கு வருவதில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் ரோட்டரி என்ற உலகளாவிய சேவை அமைப்பின் இளைஞர் சங்கமான ரோட்டராக்டைப் பார்க்க வேண்டும். 1968-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எல்லாருமே இளைஞர்கள்தான், எந்தப் பணியை எடுப்பது, பணம் எப்படித் திரட்டுவது, கணக்கை யார் பார்ப்பது என்று அவர்களே உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள், பெரியவர்கள் ஆலோசனை சொல்வதோடு சரி. நாலு பேர் முன்னால் பேசவும், கருத்து ஒத்துப்போகாதவரோடு சேர்ந்து ஒரு வேலையை முடிக்கவும் இங்கே நன்றாகப் பழகலாம்.

2019-ல் ரோட்டராக்ட் சங்கங்களையும் ரோட்டரி இண்டர்நேஷனலின் உறுப்பினர்களாக ஏற்க ஒப்புதல் தந்தது நல்ல முடிவு. 2020-ல் 30 வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, 35 வயதுக்காரர்களே பதவிகளில் இருந்தால் 18 வயதில் வருகிறவருக்கு வாய்ப்பு எப்போது வரும்?

அப்புறம், எல்லாமே அந்தந்தச் சங்கத்தைப் பொறுத்தது. புதியவர்களை நாற்காலி அடுக்கவும் புகைப்படத்துக்கு நிற்கவும் மட்டும் கூப்பிடும் சங்கத்தில் யாரும் தங்க மாட்டார்கள். சேர்வதற்கு முன் இரண்டு கூட்டங்களுக்குப் போய், புதியவர் பேசினால் மற்றவர்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் தாராளமாகச் சேரலாம்.