லே மான் 24 மணி நேர ஸ்கேட்டிங்: எட்டுப் பேராகப் போங்கள், வலப்பக்கம் திரும்பப் பழகிவிட்டுப் போங்கள்

கார் பந்தயத்துக்குப் பேர்போன பிரான்சின் லே மான் நகரில், ஆண்டுக்கு ஒரு வார இறுதியில் பந்தயப் பாதையை ஸ்கேட்டர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். '24 ஹூர் ரோலர்' என்று பெயர். சனிக்கிழமை பிற்பகல் கிளம்பினால் ஞாயிறு அதே நேரத்துக்குத்தான் முடியும். தனியாக ஓடலாம், ஜோடியாக ஓடலாம், பத்துப் பேர் வரை டீமாகவும் ஓடலாம். 24 மணி நேரத்தில் அதிக லேப் (சுற்று) போட்டவர்களுக்கு வெற்றி. முன்வரிசை டீம்கள் சில உயிரைக் கொடுத்து ஓடும். மீதிப் பேர் கூடாரம் போட்டு, சமைத்து, பாட்டுப் போட்டு, நடுநடுவே தங்கள் முறை வரும்போது ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறவர்கள். நட்புக்காக ஓடும் ஓட்டம் என்றால் இதுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாதைக்கு முழு மதிப்பெண். டீமாகப் போகிறவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்போம். தனியாளாக ஓடும் பிரிவை முதல்முறை போகிற யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். ஏற்கெனவே 100 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓடிப் பழகியவர்களுக்கு மட்டும் அது. ஜோடிப் பிரிவு அதைவிட மோசம் என்பது எங்கள் கருத்து. தூங்கவும் முடியாது, நிதானமாகச் சாப்பிடவும் முடியாது. ஸ்கேட்டைக் கழற்றி மாட்டியே பாதி நேரம் போய்விடும்.

ஓடுவது புகாட்டி சர்க்யூட்டில். ஒரு சுற்று 4.185 கிலோமீட்டர். கார் பந்தயத்துக்குப் போட்ட தார் என்பதால் குழியோ, ஜல்லியோ, வேகத்தடையோ கிடையாது. நம்மூர்ச் சாலையில் கண்ணைத் தரையிலேயே வைத்து ஓடிப் பழகியவர்களுக்கு முதல் லேப்பில் நிமிர்ந்து பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஆனால் தட்டையான பாதை என்று நினைத்துப் போய்விடாதீர்கள். டீம்கள் ஆள் மாற்றிக்கொள்ளும் ஓரப் பாதையான பிட் லேனை விட்டு வெளியே வந்தவுடன், உடம்பு சூடாவதற்கு முன்பே, டன்லப் பாலத்துக்கு ஏற்றம் ஆரம்பித்துவிடும். டயர் வடிவத்தில் நிற்கும் அந்தப் பாலம் கண்ணுக்குப் பக்கத்தில்தான் தெரியும், கால்தான் போய்ச் சேராது. முதல் மூன்று லேப்பில் இது ஒரு பொருட்டே இல்லை. பதினைந்தாவது லேப்பில், அதிகாலை நாலு மணிக்கு, இதே ஏற்றத்தில்தான் டீம்கள் நேரத்தை இழக்கின்றன. தெரியாதவர்கள் பிட்டிலிருந்து வேகமெடுத்துக்கொண்டே ஏறுவார்கள். பாலத்தடியில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் தொடை நடுங்கும். ஏற்றத்தில் காலால் தள்ளும் ஒவ்வொரு தள்ளலையும் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உச்சியைத் தாண்டிய பிறகு நாலு பெரிய தள்ளல் போடுங்கள். அந்த நாலு தள்ளலுக்கு இறக்கம் முழுவதும் வட்டி கிடைக்கும்.

இறக்கத்தின் அடியில் லா ஷப்பேல் என்ற வலது வளைவு. தள்ளாமலேயே வேகம் கூடும் இடம். புதியவர்கள் விழுவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடமும் இதுவே. பயந்து ஹீல் பிரேக்கை (குதிகால் பக்கமுள்ள ரப்பர் பிரேக்) வளைவுக்குள் போய் அழுத்துவார்கள். எடை பின்னால் சாய, உள்பக்கக் கால் நழுவும். பிரேக் போடுவதானால் வளைவுக்கு முன், நேர்க்கோட்டிலேயே போட்டு முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முழங்காலை மடக்கி, வலது காலை முன்னால் வைத்து, இரண்டு காலிலும் எடையோடு அப்படியே உருளுவது. அடுத்து மியூசே என்ற இடது வளைவு. பிறகு கராஜ் வேர், கிட்டத்தட்ட வந்த திசைக்கே திருப்பிவிடும் இரட்டை வலது வளைவு. அதன்பின் நீளமான பின்நேர்க்கோடு, இரண்டு வளைசல்கள், மறுபடி பிட். பின்நேர்க்கோட்டில் எதிர்க்காற்று இருந்தால் தனியாகப் போகவே போகாதீர்கள். காற்றை மறைக்கும் ஒரு கூட்டத்தின் வால் கிடைக்கும்வரை கொஞ்சம் மெதுவாகப் போனாலும் நஷ்டமில்லை.

இங்கே நம்மூர் ஸ்கேட்டர்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. ரிங்க்கிலும், வளைவுகளைச் சாய்த்துக் கட்டிய பேங்க் டிராக்கிலும் நாம் ஓடுவதெல்லாம் இடப்பக்கமாகச் சுற்றித்தான். பத்து வருடம் பயிற்சி எடுத்தவருக்கும் வலது காலை இடது காலுக்கு மேல் தூக்கிப் போடும் கிராஸ்ஓவர் மட்டுமே கைவந்தது. புகாட்டியோ கடிகார முள் திசையில் போகிறது. பெரிய வளைவுகளில் பெரும்பாலானவை வலப்பக்கம். கராஜ் வேரில் இடது காலைத் தூக்கி வலது காலுக்கு மேல் போட வராதவர், அந்த இரட்டை வளைவு முழுவதும் சும்மா உருளுவார். பின்நேர்க்கோட்டுக்கு வெளியே வரும்போது முன்னால் போன கூட்டம் இருபது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதைப் பிடிக்கத் தனியாகக் காற்றைக் கிழித்து ஓட வேண்டும். ஒவ்வொரு லேப்பிலும் இதே கதை.

சரிசெய்ய ஆறு வாரம் போதும். காலியான மைதானத்தில் சாக்பீஸால் ஐந்து மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். முதலில் வலது காலிலேயே நின்று, இடது காலால் மட்டும் தள்ளி வட்டத்தைச் சுற்றுங்கள். அது நடுங்காமல் வந்த பிறகு கிராஸ்ஓவர். தினமும் இருபது நிமிடம், எல்லாம் வலப்பக்கம். உள்ளே சாய்வது இடுப்பாக இருக்க வேண்டும். தோளைச் சாய்த்தால் வலது காலின் வெளிவிளிம்பு தரையைப் பிடிக்காது. வலது காலை உடம்புக்கு அடியில் குறுக்காகத் தள்ளிவிடும் அந்தக் கீழ்த்தள்ளல்தான் கடைசியாக வரும். வேகமும் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது சுமாரான டீமுக்கு நியாயமான சராசரி. அந்த வேகத்தில் ஒரு லேப் பத்து நிமிடம். 24 மணி நேரத்துக்கு 143 லேப், 600 கிலோமீட்டரை ஒட்டி வரும். எட்டுப் பேர் என்றால் தலைக்கு 18 லேப், 75 கிலோமீட்டர். பகலில் ஆளுக்கு ஒரு லேப் என்று மாறினால், ஓடி முடித்தவருக்கு 70 நிமிடம் ஓய்வு கிடைக்கும். சாப்பிட, நீட்டி மடக்க, வீல் மாற்ற அது போதும்.

ஒவ்வொரு மாற்றத்திலும் 15 விநாடி வீணானால் என்ன ஆகும் என்று பாருங்கள். 143 மாற்றம், ஏறத்தாழ 36 நிமிடம், அதாவது மூன்றரை லேப். விலை உயர்ந்த வீல் வாங்கிச் சம்பாதிக்க முடியாத மூன்றரை லேப் அது. வீணாகும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: வருகிறவருக்குத் தன் ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிவதில்லை. நூற்றுக்கணக்கான ஹெல்மெட் நிற்கும் இடத்தில் தேட முடியாது. ஒரு கம்பின் நுனியில் பளிச்சென்ற துணியைக் கட்டி ஒரே இடத்தில் பிடித்து நில்லுங்கள். மாம்பழ மஞ்சள் வேட்டித்துண்டுக்கு நிகர் அங்கே எதுவும் இல்லை. லேப் நேரத்தைப் பதியும் மின்னணுச் சில்லைக் கணுக்காலிலிருந்து கழற்றி அடுத்தவர் காலில் கட்டும் ரிலே ஓட்டங்களில், கட்டுவதற்கென்றே ஸ்கேட் போடாத மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். வியர்வை ஊறிய வெல்க்ரோ பிடிக்காது. துடைத்துவிட்டுக் கட்ட வேண்டும்.

இரவுக்கு இந்த முறை உதவாது. 70 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பினால் ஒருவரும் தூங்க மாட்டார்கள். நள்ளிரவிலிருந்து காலை எட்டுவரை எட்டுப் பேரை நாலு ஜோடியாகப் பிரியுங்கள். ஒரு ஜோடிக்கு இரண்டு மணி நேரம், இருவரும் லேப் மாற்றி லேப் ஓட வேண்டும். மற்ற ஆறு பேரும் தூங்கலாம். இரண்டிலிருந்து நாலு வரைக்கான முறையை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் டீமின் நட்பு தெரியும். ஒரே தகுதி, விழித்தவுடன் எரிந்து விழாதவராக இருக்க வேண்டும். அடுத்த ஜோடியை எழுப்பும் பொறுப்பு ஓடிக்கொண்டிருக்கும் ஜோடியுடையது. முறை முடிய அரை மணி முன்னால் எழுப்பினால்தான் கால் ஷூவுக்குள் போகும். பகல் வெயிலில் ஓடிய கால் இரவில் வீங்கியிருக்கும். அதனால் லேஸை முழுவதும் தளர்த்தி மறுபடி கட்ட வேண்டும், பழைய இறுக்கத்திலேயே பக்கிளை மாட்டினால் பாதம் மரத்துப்போகும்.

கோடைப் பருவம் என்பதால் வெளிச்சம் இரவு பத்து மணிவரை இருக்கும். குளிர் விடியலுக்கு முன்தான் வரும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போகிறவர்கள் ஐரோப்பியக் கோடை என்று நம்பி அரைக்கைச் சட்டையோடு நின்றுவிடாதீர்கள். முழுக்கை ஒன்றும், முழங்காலை மூடும் ஒன்றும் கட்டாயம்.

கிளம்பும் காட்சி இந்த ஓட்டத்தின் முத்திரை. பழைய கார் பந்தய வழக்கப்படி, ஓடுகிறவர் ஒரு பக்கம், ஸ்கேட் மறுபக்கம். சத்தம் கேட்டதும் வெறும் சாக்ஸோடு பாதையைக் கடந்து ஓடிப்போய் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். பார்க்க வேடிக்கை. ஆனால் சாக்ஸில் ஒட்டிய ஒரு மணல் துகள் பத்து நிமிடத்தில் கொப்புளமாகிவிடும். மாட்டும் முன் உள்ளங்காலை ஒரு தடவை துடைப்பது கட்டாயம். முதல் ஆளாக, லேஸ் மட்டும் உள்ள ரேஸ் ஷூக்காரரை அனுப்பாதீர்கள். பக்கிள் உள்ளவரை அனுப்புங்கள். அவர் வேகம் குறைந்தவரானாலும் பரவாயில்லை, முதல் லேப்பின் நெரிசலில் யாராலும் வேகமாகப் போக முடியாது.

சாமான் விஷயம். 4×110 (ஒரு ஸ்கேட்டில் 110 மில்லிமீட்டர் வீல் நாலு) அல்லது 3×125 (125 மில்லிமீட்டர் வீல் மூன்று), இரண்டில் உங்கள் காலுக்குப் பழகியது எதுவோ அது. ஏற்றத்துக்கு 110 சுளுவு, பின்நேர்க்கோட்டுக்கு 125 சுகம். இந்த ஓட்டத்துக்கென்று புதிதாக 125 வாங்கி அங்கே போய் முதல்முறை போட்டுப் பார்ப்பவர்களின் கணுக்கால் மூன்றாவது லேப்பில் பேச ஆரம்பித்துவிடும். வீல் கடினம் 85ஏ அல்லது 86ஏ வாங்குங்கள். உள்ளரங்கத் தரைக்கான கட்டி வீல் இந்தத் தாரில் அதிர்ந்துகொண்டே இருக்கும். 4×110 என்றால் ஒரு ஜோடிக்குப் பேரிங் 16, 3×125 என்றால் 12. கூட ஒரு முழு செட் உலர்ந்த டப்பாவில் இருக்கட்டும். 4 மில்லிமீட்டர் ஆலன் கீ இரண்டு, வீலின் அச்சாணியான ஆக்சில் இரண்டு, வீலுக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் சின்னக் குழாயான ஸ்பேசர் நாலு. வீல் மாற்றும்போது ஸ்பேசர் ஒன்று விழுந்ததைக் கவனிக்காமல் ஆக்சிலை முறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கி வீல் சுற்றாது. இருட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆகவே டார்ச்சைத் தலையில் கட்டிக்கொண்டு, கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள்.

மழை வந்தால் நல்ல வீலைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த பழைய மெத்து வீலும் பழைய பேரிங்கும் போடுங்கள். ஈரத்தில் தள்ளலின் கடைசிப் பாதிதான் நழுவும், எனவே காலை முழுக்க நீட்டாமல் பாதியில் எடுத்துவிட வேண்டும். வளைவு ஓரத்தில் வண்ணம் அடித்த கர்ப் (விளிம்புக் கட்டை) மேல் ஏறவே கூடாது, காய்ந்திருந்தாலும்தான்.

கூட்டத்தில் ஓடும்போது ஏற்றத்தில் ஒரு ஆபத்து. முன்னால் போகிறவரின் வேகம் சட்டென்று குறையும், பின்னால் வருகிறவரின் முன்வீல் அவர் பின்வீலை முட்டும். கையை முன்னவரின் இடுப்பருகில் நீட்டி வைத்திருந்தால் வீலுக்கு முன் கை தொட்டுவிடும். இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முந்துகிறவர்கள் 'ஆ கோஷ்' என்று கத்தினால் இடப்பக்கம் வருகிறார்கள் என்று அர்த்தம், 'ஆ த்ருவாத்' என்றால் வலப்பக்கம். கேட்டதும் திரும்பிப் பார்க்காமல், இருக்கும் கோட்டிலேயே போனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெர்லின் மாரத்தானோடு நடக்கும் ஸ்கேட்டிங் ஓட்டத்தோடு ஒப்பிட்டுச் சிலர் கேட்பதுண்டு. அது 42.195 கிலோமீட்டர், நகரச் சாலையில், சனிக்கிழமை ஒரே ஓட்டமாக முடிந்துவிடும். உங்கள் நேரம் என்ன என்று தெரிய வேண்டுமானால் அங்கே போங்கள். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலக வாகையர் போட்டியில் 1000 மீட்டரோடு 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வாங்கிய பிறகு, நீண்ட தூரத்தின் மேல் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆசை வந்திருக்கிறது. அந்த ஆசைக்குப் பெர்லின் பொருத்தம். அப்பா, மகள், பயிற்சியாளர், பக்கத்து வீட்டு அண்ணன் என்று வேகம் கலந்த எட்டுப் பேர் ஒன்றாகப் போக லே மான்தான்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் லே மானுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து டிராம் சர்க்யூட் அருகில் அன்தாரெஸ் வரை போகும். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளலாம். உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்தது, இரவு தாங்கும், கையால் நாலு வாய் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். விமானத்தில் ஷூவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெட்டி தொலைந்தால் வீலும் ஹெல்மெட்டும் அங்கே வாங்கலாம், காலுக்குப் பழகிய ஷூவை வாங்க முடியாது. ஆலன் கீயையும் ஆக்சிலையும் மட்டும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.