ஏபிஐ கீ யாருடைய பெயரில் இருக்கிறது? கடைக்கு அப் செய்யக் கொடுப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

புறக்கோட்டையில் எங்களுக்குச் சேலை, சல்வார் மொத்த வியாபாரம். அப்பா தொடங்கிய கடை. கணக்கும் ஒன்லைன் ஓடர்களும் இப்போது என் பொறுப்பு. போன தீபாவளிக்கு முன் எங்கள் சிஓடி காசு (பொதி கொடுக்கும்போது கூரியர் வாங்கித் தரும் காசு) 342,000 ரூபா வேறொருவரின் வங்கிக் கணக்கில் மாட்டிக்கொண்டது. அதில் 192,000 ரூபா இன்னும் கைக்கு வரவில்லை. நாங்கள் காசு கொடுத்துச் செய்வித்த அப், ஒரு மாதமாக எங்கள் பொதிகளை எல்லாம் அதைச் செய்துதந்தவரின் பெயரிலேயே கூரியரில் பதிந்துகொண்டிருந்திருக்கிறது. ஏபிஐ கீ, அதாவது அப் கூரியர் கணினியிடம் காட்டும் கடவுச்சொல் போன்ற அடையாளம், அவர் பெயரில் இருந்ததுதான் காரணம். என்னைப் போலக் கணினித் துறை தெரியாத, ஆனால் கடைக்கு அப் வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களிடம் வாங்குபவர்களில் பாதிப்பேர் வீட்டிலிருந்து விற்கும் பெண்கள். வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன், புத்தளம் என்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் படம் பார்த்து ஐந்து, பத்துச் சேலை கேட்பார்கள். பொதி கையில் கிடைக்கும்போதுதான் காசு. முன்பு ஒரு பிள்ளை ஓடரை எக்சலில் எழுதுவாள், இன்னொருவர் அதே விலாசத்தைக் கூரியர் தளத்தில் திரும்ப அடிப்பார், மூன்றாமவர் வேபில் இலக்கத்தை, அதாவது பொதிக்குக் கூரியர் கொடுக்கும் இலக்கத்தை, வாடிக்கையாளருக்கு அனுப்புவார். பண்டிகைக் காலத்தில் ஒரு நாளைக்கு 70, 80 பொதி போகும். இரவு ஒன்பது மணி வரை கடையில் இருந்து அடிப்போம்.

வெள்ளவத்தையில் இருக்கும் உறவினர் ஒருவர்தான் அப் செய்துதந்த அந்தத் தம்பியை அனுப்பினார். நன்றாகக் கதைத்தார். "அக்கா, உங்ககிட்ட மைக்ரோசொப்ட் 365 இருக்குத்தானே, அதுக்குள்ளேயே பவர் அப்ஸ் வருது. நான் அப் செஞ்சு கூரியரோட ஏபிஐயில கனெக்ட் பண்ணித் தாறன். ஒரே ஒரு தடவை காசு, மாசச் செலவு ஒண்டும் இல்ல" என்றார். பவர் அப்ஸ் என்பது கடைக்குத் தேவையான அப்பைச் செய்துகொள்ளும் மைக்ரோசொப்ட் கருவி. தன் லெப்டொப்பில் ஒரு டெமோ காட்டினார். ஓடரை அடித்ததும் வேபில் இலக்கம் வந்து நின்றது, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போனது. அப்பா கூடக் கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்தார். 275,000 ரூபா என்று பேசினோம். அதில் 40,000 "கூரியர் ஏபிஐ கட்டணம்" என்று தனியாகப் போட்டிருந்தார். 165,000 முற்பணம். எழுத்தில் ஒன்றும் இல்லை, வட்ஸ்அப் செய்திகள்தான். செப்டம்பர் முதல் கிழமை அப் வேலை செய்யத் தொடங்கியதும் மிச்சத்தையும் கொடுத்துவிட்டேன்.

முதல் பத்து நாளிலேயே சில விஷயங்கள் சரியில்லாமல் இருந்தன. எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் 1,100க்கு மேற்பட்ட பெயர்கள். ஆனால் பட்டியலில் பின்னால் சேர்ந்தவர்களை அப்பில் தேடினால் வரவே மாட்டார்கள். கேட்டபோது இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்றார். உண்மை வேறு. தேடலை, பட்டியல் இருக்கும் இடமான ஷெயார்பொயின்டிடமே ஒப்படைக்கும் விதத்தில் சூத்திரத்தை எழுதாவிட்டால், பவர் அப்ஸ் முதல் 500 வரிகளை மட்டும் எடுத்து அதற்குள்தான் தேடும். அமைப்பை மாற்றினாலும் 2,000 வரைதான். சூத்திரம் எழுதும் இடத்திலேயே இதற்கு எச்சரிக்கைக் குறி காட்டும். அதைப் பார்த்தும் அப்படியே விட்டிருக்கிறார்.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே ஓடருக்கு இரண்டு வேபில். 17 பொதிகளுக்கு இப்படி நடந்தது. கூரியர் பக்கத்திலிருந்து கோளாறுப் பதில் வந்தால், அப்பின் பின்னால் வேலைகளைத் தானாக ஓட்டும் மைக்ரோசொப்ட் கருவியான பவர் ஒட்டோமேட் தானாகவே திரும்பக் கேட்கும். அந்த அமைப்பைத் தொடாவிட்டால் ஒரு தடவைக்கு மேலும் கேட்கும். முதல் தடவையே பொதி பதிவாகி, பதில் மட்டும் வழியில் அறுந்திருந்தால், அடுத்த தடவை இன்னொரு வேபில் உருவாகிவிடும். ஓடர் இலக்கத்தை வைத்து "இது ஏற்கெனவே பதிவானதா" என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். இந்த வேலைக்குப் பழகிய யாரும் விடக்கூடாத பிழை இது.

அப்புறம் முப்பது நாள் முடிந்தது. கிழமை நடுவில் ஒரு காலை, ஆறு விற்பனைப் பிள்ளைகளின் போனிலும் லைசன்ஸ் வேண்டும் என்று திரை வந்து நின்றது. தீபாவளிக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. கூப்பிட்டால், மைக்ரோசொப்ட் திடீரென்று சட்டத்தை மாற்றிவிட்டது என்றார். மாதம் 45,000 ரூபா கொடுத்தால் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

திடீரென்று எதுவும் மாறவில்லை. மைக்ரோசொப்ட் 365 உடன் வரும் பவர் அப்ஸில் ஷெயார்பொயின்ட், எக்சல், அவுட்லுக் போன்ற சாதாரண கனெக்டர்களைத்தான், அதாவது மற்றச் சேவைகளோடு அப்பை இணைக்கும் இணைப்புகளைத்தான், பயன்படுத்தலாம். வெளியே இருக்கும் ஏபிஐ ஒன்றைக் கூப்பிடும் எச்டிடிபி கனெக்டரும், நாமே செய்துகொள்ளும் கஸ்டம் கனெக்டரும் தனியாகக் காசு கட்ட வேண்டிய பிரீமியம் வகை. 2019இலிருந்தே அப்படித்தான். பவர் அப்ஸ் பிரீமியத்தின் பட்டியல் விலை ஆளுக்கு மாதம் 20 டொலர். ஆறு பேருக்கு 120 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் 36,000 ரூபா, வரி வேறு. இந்த விலை யாரும் பார்க்கக்கூடியதாக வெளியிலேயே இருக்கிறது. இவர் ஆறு பேருக்கும் 30 நாள் இலவச ட்ரயலை அழுத்திவிட்டு, மாதச் செலவு இல்லை என்று எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் யோசித்து முடிவெடுத்திருப்போம். எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

45,000 கொடுக்க முடியாது என்றேன். அந்த வெள்ளிக்கிழமை சிஓடி காசு வரவில்லை.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். முன்பு எங்கள் சிஓடி காசைக் கூரியர் நிறுவனம் நேரடியாக எங்கள் வங்கிக் கணக்குக்குப் போடும். அப் வந்த பிறகு அது அந்தத் தம்பியின் கணக்குக்குப் போய், ஒவ்வொரு வெள்ளியும் அவரிடமிருந்து வந்தது. ஏன் என்று நான் கேட்டேன். "ஏபிஐ வழியாப் போனா காசு முதல்ல டெவலப்பர்ட கணக்குக்கு வந்துதான் போகும் அக்கா, அதுதான் முறை" என்றார். நான்கு வெள்ளியும் ஒரு சதம் குறையாமல் வந்தது. நம்பினேன். அப்பாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை, இரண்டு தடவை கேட்டார். அப்படி ஒரு முறையே கிடையாது.

ஏபிஐ என்பது கூரியர் நிறுவனம் தன் கணினிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் வாசல். எங்கள் அப் அந்த வாசலில் போய், இந்தப் பெயருக்கு, இந்த விலாசத்துக்கு, இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும்படி ஒரு பொதி என்று சொல்கிறது. வேபில் இலக்கம் திரும்பி வருகிறது. கேட்பது யார் என்பதை வாசலில் இருப்பவர் முகம் பார்த்து அறிய முடியாது, கீ என்கிற அந்த நீளமான எழுத்துக் கோவையை வைத்துத்தான் அறிகிறார். அனுப்புநர் பெயரில் எங்கள் கடைப் பெயரை எழுதினால் ஸ்டிக்கரில் எங்கள் பெயர் அச்சாகும். பொதி எடுக்க வரும் பையனும் எங்கள் கடைக்கே வருவான். ஆனால் காசு, கீ யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவருடைய கணக்குக்குத்தான் போகும்.

திங்கள் காலை கூரியர் நிறுவனத்துக்கு நானே போன் எடுத்தேன். எங்கள் வாடிக்கையாளர் இலக்கத்தைப் போட்டுப் பார்த்த பிள்ளை, "உங்கட கணக்குல ஒரு மாசமா ஒரு பொதியும் புக் ஆகலயே மிஸ்" என்றாள். எனக்குக் கை நடுங்கியது. அன்று வரை 900க்கு மேல் அனுப்பியிருந்தோம். இன்னொன்றும் சொன்னாள். கணக்கு வைத்திருக்கும் கடைகள் மின்னஞ்சலில் கேட்டால் ஏபிஐ கீ இலவசமாகவே கொடுப்பார்களாம். எங்கள் பெயரில் யாரும் கேட்டதே இல்லை. நான் கொடுத்த 40,000 எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தெகிவளையில் இருக்கும் மச்சாளின் மகள் இந்தத் துறையில் வேலை செய்கிறாள். அன்று பின்னேரமே வந்து பவர் ஒட்டோமேட்டைத் திறந்து காட்டினாள். கூரியர் கீயும் எஸ்எம்எஸ் கீயும் எச்டிடிபி படிக்குள் வெறும் எழுத்தாக அப்படியே கிடந்தன. அதைத் திருத்தும் உரிமை உள்ள யாரும் வாசிக்கலாம், ஒவ்வொரு தடவை ஓடிய வரலாற்றிலும் தெரியும். கஸ்டம் கனெக்டர் ஒன்று செய்து, இணைப்பு ஏற்படுத்தும்போது கீயைக் கொடுத்திருந்தால் அது பிறகு திரையில் தெரியாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோதனை ஓடர் ஒன்று 401 என்று திரும்பி வந்தது. கீ செல்லாது என்று அர்த்தம். அவர் அதை மாற்றிவிட்டார் போலும்.

உடனே அவருடைய கணக்கை மூடுங்கள் என்று நான் சொன்னேன். அவள் தடுத்தாள். எல்லாமே அவருக்கு நாங்கள் கொடுத்த கணக்கின் கீழ் ஓடிக்கொண்டிருந்தன, முதலில் எங்களைச் சொந்தக்காரராகச் சேர்க்க வேண்டும், இணைப்புகளைத் திரும்ப ஏற்படுத்த வேண்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. பவர் ஒட்டோமேட்டின் ஓட்ட வரலாறு 28 நாள்தான் இருக்கும். அது அழிவதற்குள் எந்தக் கீயால் எந்த ஓடர் பதிவானது என்று ஒவ்வொன்றாகத் திறந்து படம் எடுத்தோம். இரவு பதினொரு மணி ஆனது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தபோதும், சட்டத்தரணி கோரிக்கைக் கடிதம் எழுதியபோதும் கையில் இருந்த பலமான ஆதாரம் அந்தப் படங்கள்தான். கடிதம் போய் இரண்டு கிழமையில் 150,000 வந்தது. மிச்சத்துக்கு இன்னும் அலைகிறோம்.

காசை விட எனக்கு வருத்தம் அந்தப் பெண்களின் விபரங்கள். அவர்களின் பெயர், போன் இலக்கம், வீட்டு விலாசம் எல்லாம் அவருடைய கூரியர் கணக்கிலும் எஸ்எம்எஸ் கணக்கிலும் கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட விபரங்களைப் பற்றியதுதான். அவர்கள் எங்களை நம்பிக் கொடுத்தது. நடந்ததை ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் எழுதிச் சொன்னோம்.

இப்போது எப்படி ஓடுகிறது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் பவர் அப்ஸ் மேல் எனக்குக் குறையில்லை. விற்பனைப் பிள்ளைகள் ஷெயார்பொயின்ட் பட்டியலில் ஓடரைப் பதிகிறார்கள், அதற்கு எங்கள் 365 போதும். பொதி கட்டும் இடத்தில் இருக்கும் இருவர் ஓடரைச் சரிபார்த்துக் கூரியருக்குப் பதிகிறார்கள், அவர்களுக்கு மட்டும் பிரீமியம். 40 டொலர், ஏறக்குறைய 12,000 ரூபா. கீ எங்கள் கடைப் பெயரில் இருக்கிறது, எங்கள் மின்னஞ்சலுக்கு வந்தது, எழுதி அப்பாவின் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

நீங்கள் யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கூரியர், எஸ்எம்எஸ், வங்கி எதுவானாலும் கீயை நீங்களே உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். செய்பவர் தன் கீயைப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பின் விபரப் பக்கத்தில் லைசன்ஸ் வகை ஸ்டாண்டர்டா பிரீமியமா என்று எழுதியிருக்கும். மிச்சக் காசைக் கொடுக்க முன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ட்ரயல் ஓடுகிறதா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே அப் ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே கூரியருக்கு போன் எடுத்து, போன கிழமை என் கணக்கில் எத்தனை பொதி என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

எங்களுக்கு இரண்டு கடை தள்ளி இருக்கும் நானாவும் இதே ஆளிடம் செய்வித்திருந்தார். நான் சொன்னதும் என் முன்னாலேயே போன் எடுத்தார். கூரியர் கணக்கு நானாவின் பெயரில்தான் இருந்தது. எஸ்எம்எஸ் மட்டும் அந்த ஆளின் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அன்று கடை பூட்ட முன்னரே மாற்றிவிட்டார்.